வினிகர்தானே என்றார்கள்

தோட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் குடியிருப்புக்காரர்கள் முதலில் கேட்கப்போவது பூவைப் பற்றி அல்ல, களையைப் பற்றித்தான். "இயற்கையா ஏதாவது அடிங்களேன்" என்பார்கள். கையில் போன் இருக்கும். போனில் ஒரு வீடியோ ஓடும். ஒருவர் வினிகரைச் செடிமேல் தெளிப்பார், அடுத்த காட்சியில் செடி கருகிக் கிடக்கும். அதற்கு அடுத்த மாதம் அதே இடத்தில் என்ன முளைத்தது என்று யாரும் காட்டுவதில்லை.

எனக்கு வினிகர்மேல் பகை ஒன்றும் இல்லை. நடைபாதைக் கற்களின் இடுக்கில் இரண்டு இலை விட்டு நிற்கும் இளங்களைக்கு, நல்ல வெயில் நாளில், சமையல் வினிகரே போதும். மாலைக்குள் வாடிவிடும். ஆனால் அது இலையைச் சுடும், வேருக்குப் போகாது. கோரை மாதிரி மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும் களைக்கு அது முடி வெட்டிவிட்ட மாதிரிதான். பக்கத்தில் இருக்கும் நல்ல புல்லையும் சேர்த்துக் கருக்கும். இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இது சந்தோஷமான கதை இல்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது கொல்கத்தாவில், பாலிகஞ்ச் பக்கம், ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஊழியர் குடியிருப்பில். தோட்ட மேற்பார்வையாளர் என்று பதவி. சுற்றிலும் நான்கு மாடிக் கட்டடங்கள், நடுவில் புல்வெளி. பிள்ளைகள் ஓடுவது, கிழவர்கள் நடப்பது, துர்கா பூஜைக்குப் பந்தல் போடுவது எல்லாம் அங்கேதான். அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்து, புல்லைவிடக் கோரை உயரமாக நின்றது.

புல்வெளியைப் பார்த்துக்கொண்டவர் நிமாய். ஒப்பந்தத் தொழிலாளி, நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். சோனார்பூரிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வருவார். வாசலில் காவல்காரரோடு கால்பந்தைப் பற்றி ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார். அவர் மனைவி மாலதியும் அதே ரயிலில் வந்து, அதே குடியிருப்பில் சில வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்த்தாள். இரண்டு பேருமே என்னைத் தீதி என்பார்கள், அந்த ஊரில் அக்காவுக்கு அதுதான் சொல். எனக்கும் அவர்களுக்கும் பேச்சு பாதி வங்காளி, பாதி இந்தி. மிச்சம் கை ஜாடை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெங்கட்ராமன். சென்னையிலிருந்து மாற்றலில் வந்தவர், நிதிப் பிரிவில் பெரிய அதிகாரி, எனக்குப் பல படி மேலே. மாலதி வேலை பார்த்த வீடுகளில் அவருடையதும் ஒன்று. கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி விஷயங்களில் கெட்டவன் ஒருவன் இருந்தால் நமக்கு வேலை சுலபம். முந்தின வருடம் ஒப்பந்தக்காரர் களைக்கொல்லி அடித்த வாரத்தில் வெங்கட்ராமனின் பேத்திக்குக் கை காலெல்லாம் தடித்துவிட்டது. மருந்தால்தான் தடித்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குழந்தை சொறிந்துகொண்டே அழுததை அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அது அவர் மனதில் தங்கிவிட்டது.

ஒருநாள் காலை நடைக்கு வந்தவர் என்னை நிறுத்தினார்.

"மேடம், இனிமே இங்க கெமிக்கல் ஒரு சொட்டு விழக்கூடாது. வினிகர், உப்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம். மூணையும் கலந்து அடிச்சாலே போதுமாம். எல்லாம் நம்ம அடுக்களைச் சாமான்."

"உப்பு வேண்டாம் சார். மண்ணுலயே தங்கிடும். அப்புறம் அந்த இடத்துல எதுவும் வராது."

"சரி, வினிகர் மட்டும்."

செய்து காட்டினேன். நடைபாதை இடுக்குகளில் நன்றாக வேலை செய்தது. புல்வெளி மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு அடித்தோம். கோரையும் புல்லும் சேர்ந்து பழுத்தன. அடுத்த மழைக்குக் கோரை மட்டும் பச்சையாக நிமிர்ந்தது. எனக்கு அது முடிந்துபோன பரிசோதனை. அவருக்கு அது பாதி வெற்றி.

"வீரியம் பத்தலை, அவ்வளவுதான்" என்றார். "கிடர்பூர்ல ஒரு கடையில ஸ்ட்ராங்கா கிடைக்குதாம். சாயம் போடுறவங்க வாங்குவாங்களாம்."

"சார், அது வினிகர் இல்ல, ஆசிட். மேல பட்டா வெந்துடும்."

"வினிகர்ல இருக்கிறதும் அதே ஆசிட்தானே?"

"குடத்துல இருக்கிறதும் தண்ணிதான், வெள்ளத்துல வர்றதும் தண்ணிதான் சார்."

சிரித்தார். "பூஜைக்குள்ள கையால பிடுங்கி முடிப்பீங்களா?"

"கூட நாலு ஆள் கொடுத்தா முக்கால்வாசி முடியும்."

தலையாட்டினார். நான் ஆள் கேட்டு அன்றே மேலே எழுதினேன். பேச்சு அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மேலே இருக்கிறவர்கள் தலையாட்டுவதற்குப் பல அர்த்தம் உண்டு. "நீ சொல்வதைக் கேட்டேன்" என்பது ஒன்று. "நீ சொல்வதைக் கேட்பேன்" என்பது வேறு.

ஆள் வரவில்லை. பந்தல்காரர்கள் மூங்கில் கொண்டுவந்து இறக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வாரத்தில் எங்கள் நிறுவனத்தின் இன்னொரு வளாகத்தில் மரம் ஒன்று சாய்ந்து சுவரை இடித்துவிட்டது என்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். வேலை முடிந்து ஆட்டோவில் திரும்பி வாசலில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. காசு கொடுக்கக் கையை நீட்டினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதன் எழுப்பும் சத்தம் என்று எனக்கு உடனே புரியவில்லை.

நிமாய் புல்வெளியின் நடுவில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். முதுகில் தெளிப்பான் அப்படியே தொங்கியது. பக்கத்தில் போகும்போதே மூக்கில் ஏறியது அந்த நெடி. ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் வருமே, அதையே மூச்சு அடைக்கும்படி ஆக்கினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நடந்தது என்ன என்று பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெங்கட்ராமன் ஆபீஸ் போகும் முன் ஒரு வெள்ளை கேனைக் காவல்காரரிடம் கொடுத்து, நிமாயிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே பால்கனியில் நின்று, "வினிகர்தான், உப்பும் சோப்பும் கலந்து அடி" என்று கத்தியிருக்கிறார். நிமாய் கேட்டிருக்கிறார், தீதிக்குத் தெரியுமா என்று. "தெரியும், தெரியும். சாலட்டில் ஊற்றுகிறதுதான்" என்று பதில் வந்திருக்கிறது. நெடி தாங்காமல் நிமாய் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டார். கண்ணுக்கு மறைப்பு ஒன்றும் இல்லை. கரையாத உப்பு போய்த் தெளிப்பானின் மூக்கை அடைத்துவிட்டது. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே அவர் குனிந்து, மூக்கைத் திருகிக் கழற்றினார். அது நேராக முகத்தில் பீய்ச்சியது.

நான் முதலில் தெளிப்பானின் வாரை அவிழ்த்து எறிந்தேன். பூச்செடிக்குப் போட்டிருந்த குழாயை இழுத்து, அவர் கையை முகத்திலிருந்து பிரித்து, தண்ணீரைத் திருப்பினேன். அவர் கண்ணைத் திறக்க மாட்டேன் என்றார். திறக்க முடியாது, அந்த வலி அப்படி. இமைகளை என் விரலால் பிளந்து பிடித்தேன். அவர் என் கையைக் கடித்தார். வேண்டுமென்றே இல்லை.

எங்கள் தீயணைப்புப் பிரிவில் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எப்போதோ ஒரு பாதுகாப்பு வகுப்பில், பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் சொன்னார்: "கண்ணில் ஆசிட் பட்டால் முதல் வைத்தியம் தண்ணீர். இரண்டாவது வைத்தியமும் தண்ணீர். அரை மணி நேரத்துக்கு முன்னால் யார் வந்து கையைப் பிடித்தாலும் விடாதீர்கள்." யார் வந்து பிடிப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் வந்தார்கள். பந்தல்காரர்கள், காவல்காரர், மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்த பெண்கள். யாரோ டாக்சியைப் புல்வெளி ஓரம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க, என்ன குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க" என்று ஒருவர் இந்தியில் கத்தினார். ஓர் அம்மாள் சமையல் சோடா டப்பாவோடு வந்து, ஆசிட்டுக்கு இதுதான் மாற்று, கண்ணில் போடுங்கள் என்றார். டப்பாவைத் தட்டிவிட்டேன். அது புல்லில் கொட்டியது. அவர் இன்றுவரை என்னோடு பேசியதில்லை.

அப்போது தண்ணீர் மெலிந்தது. விரல் கனம், நூல் கனம், பிறகு சொட்டு. பூஜைக்கு முன்னால் மேல்தொட்டி கழுவுகிறார்கள், பம்பை நிறுத்தியிருக்கிறார்கள் என்று காவல்காரர் சொன்னார்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்திக் கேட்பேன். டாக்சி நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. அவர் மனைவி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து இழுக்கிறாள். இருபது பேர் "போ, போ" என்கிறார்கள். நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை, அந்த நேரத்துப் போக்குவரத்தில் டாக்சி ஊர்ந்துதான் போகும். கையில் தண்ணீர் இல்லை. ஏற்றிவிடுவீர்களா? ஏற்றிவிட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். வழியெல்லாம் அந்த ஆசிட் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் குறை சொல்ல மாட்டார்கள்.

வாசலுக்கு எதிரே செல்லையாவின் இட்லிக் கடை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் குடியிருப்புத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் மாவு கொடுப்பவர். அவர் கடையில் எப்போதும் டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். நான் வாசலைப் பார்த்துத் தமிழில் கத்தினேன்.

"செல்லையா! தண்ணி! இருக்கிற தண்ணி எல்லாம் கொண்டு வாங்க!"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் கடையில் இருந்த இரண்டு ஆட்களும் ஒரு நீல டிரம்மைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடிவந்தார்கள்.

"யக்கா, இது குடிதண்ணிதான், சுத்தமா இருக்கு. இன்னும் ரெண்டு கிடக்கு. ஊத்துங்க, நான் தலையப் பிடிச்சுக்கிடுதேன்."

நிமாயைப் புல்லில் படுக்கவைத்து, தலையைச் செல்லையா தன் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் சொம்பு சொம்பாக ஊற்றினேன். மாலதிக்கு அது புரியவில்லை. அவளுக்கு எப்படிப் புரியும்? புருஷன் கதறுகிறான், டாக்சி நிற்கிறது, ஒருத்தி போகவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

"விடுங்க தீதி! அவரைக் கொல்றீங்க! விடுங்க!" என்று என் முதுகில் குத்தினாள். கையைப் பிடித்துத் தொங்கினாள். சொம்பு தவறியது. செல்லையாவின் ஆள் ஒருவர் அவளை விலக்கப் பார்த்தார்.

"தொடாதே அவளை" என்றேன். பிறகு அவளிடம் சொம்பைக் கொடுத்தேன். "நீயே ஊத்து. நான் கண்ணைப் பிடிச்சுக்கிறேன். நிறுத்தாம ஊத்து."

அவள் சொம்பை டிரம்மில் முக்கினாள். பிறகு ஊற்ற ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் ஊற்றினாள், ஆனால் நிறுத்தவில்லை. இரண்டாவது டிரம் வந்தது. மூன்றாவதும் பாதி ஆனது. அதன் பிறகுதான் ஏற்றினேன், டாக்சியிலும் ஒரு குடம் தண்ணீரோடு.

பொறுப்பில் இருக்கும்போது உங்களுக்கு எதிராகக் கத்துகிறவர்கள் எல்லோரும் தடை இல்லை. சிலர் கையில் ஒன்றும் இல்லாததால் கத்துகிறார்கள். கையில் ஒன்றைக் கொடுங்கள். அன்றைக்கு யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். முதுகில் வாங்கிய குத்துதான் செய்யவைத்தது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இளம்பெண். நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்து, "தண்ணீர் ஊற்றியது யார்?" என்றார். மாலதி பயந்துபோய் என்னைக் காட்டினாள். "இடது கண் பெரும்பாலும் தேறிவிடும்" என்றார் அவர். வலது கண்ணைப் பற்றி உடனே ஒன்றும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து, கட்டு அவிழ்த்தபோது, அது பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது. வெளிச்சம் தெரிகிறது என்றார் நிமாய். ஆள் தெரியவில்லை.

புல்வெளியில் வைத்து ஒரு கண்ணைக் காப்பாற்ற முடிந்தது. அடுத்து வந்தது விசாரணை.

அதற்கு முன்னால் வெங்கட்ராமன் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"நான் வேணும்னு பண்ணலை மேடம்."

"தெரியும் சார்."

"இயற்கையானதுன்னுதான் நெனச்சேன். குழந்தைங்க விளையாடுற இடம்னுதான்..." முடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "நிமாய் தானா வாங்கிட்டு வந்து அடிச்சான்னு இருந்தா எல்லாருக்கும் நல்லது. அவன் வைத்தியத்தை நான் பார்த்துக்கிறேன். கடைசி வரைக்கும். மாலதி எங்க வீட்டுலயே இருக்கட்டும். எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வருது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவர் கும்பிட்டார். எனக்கு மேலே இருந்தவர், என் முன்னால் நின்று கும்பிட்டார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிமாயும் அதையே சொன்னார். அதுதான் எனக்கு அடி.

"தீதி, நானே வாங்கினேன்னு சொல்லிடுங்க. சாருக்கு எதுவும் ஆகக்கூடாது. அவருக்கு ஆனா மாலதிக்கு அங்க வேலை இருக்காது. என் வேலை எப்படியும் போச்சு. அவளோடதும் போனா நாங்க என்ன பண்றது?"

மாலதி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அவர் சொல்றதைக் கேளுங்க தீதி" என்று மட்டும் சொன்னாள்.

அங்கிருந்து பஸ்ஸில் ஏறாமல் நடந்தேன். கரியாஹாட்டில் பூஜைக் கூட்டம். நடைபாதையெல்லாம் துணி, வளையல், பலகாரம், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிக்கும் ஜனம். எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. அடிபட்டவனே சொல்கிறான், நீ யார் மறுப்பதற்கு என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஓர் எளிய கணக்கு: "தோட்டக்காரன் தன் முட்டாள்தனத்தால் கண்ணைக் கெடுத்துக்கொண்டான்" என்று ஆகிவிட்டால் கோப்பு மூடிவிடும். எங்கள் நிறுவனத்துக்கு அந்த ஊரிலேயே இன்னும் பல குடியிருப்புகள். அங்கேயும் செயலாளர்கள் இருக்கிறார்கள், போன் வைத்திருக்கிறார்கள், வாட்ஸப்பில் அதே வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு வெள்ளைக் கேன் இந்நேரம் எங்கேயாவது ஒரு படிக்கட்டின் கீழே இருக்கலாம். அதை யாரும் தேடப் போவதில்லை. இன்னொரு கணக்கும் இருந்தது. வைத்தியத்தைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் சொல்வது அவர் இந்த ஊரில் இருக்கும்வரைதான். வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் அது நிறுவனத்தின் கடமை.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டதற்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் வேண்டாம் என்றது, அவர் தலையாட்டியது, கேன் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பால்கனி. வெங்கட்ராமனின் பேத்திக்குத் தடித்ததையும் சொன்னேன். அதுவும் நடந்ததுதானே. நிமாய் அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு கண்ணிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் என் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டு, "சொல்லிட்டீங்களா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

அவர் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். வைத்தியச் செலவு முழுவதையும் நிறுவனம் ஏற்றது. எந்தக் குடியிருப்பிலும் தோட்டப் பிரிவுக்குத் தெரியாமல் எதையும் தெளிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தேடச் சொன்னார்கள். தேடியதில் இன்னொரு வளாகத்தின் பம்ப் அறையில் அதே மாதிரி ஒரு கேன், திறக்காமல் இருந்தது. வெங்கட்ராமனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை பதவி உயர்வு இல்லை. போகும்போது அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. போக வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒப்பந்தக்காரர் நிமாயைத் திரும்ப எடுக்க மறுத்தார். கத்தி, மண்வெட்டி பிடிக்கிற வேலைக்கு ஒற்றைக் கண் ஆள் ஆபத்து என்றார். நான் நாற்றங்காலில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டேன். இரண்டு அதிகாரிகளிடம் போய் நின்றேன். நடக்கவில்லை. மாலதியை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அப்படி யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் இனி நாங்களே சமைத்துக்கொள்கிறோம் என்றார்கள். குளிர்காலம் வருவதற்குள் அவளுக்கு அந்தக் குடியிருப்பில் ஒரு வீடுகூட இல்லை. தமிழ் வீடுகளும் இல்லை. என் வீட்டுக்கு வா என்றேன். வரவில்லை.

பூஜை அந்த வருடம் நடந்தது. ஆசிட் விழுந்த இடத்தைப் பந்தலின் தரைப் பலகை மறைத்துக்கொண்டது. பந்தலைப் பிரித்தபோது பார்த்தேன். உப்பு பட்ட இடத்தில் மண் வெளுத்து, புல் ஒன்றுகூட இல்லை. கோரை அங்கங்கே தலை நீட்டியிருந்தது.

மறு வருடம், கோடையில், பாலிகஞ்ச் ஸ்டேஷனில் மாலதியைப் பார்த்தேன். தெற்கிலிருந்து வரும் ரயிலில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் கூட்டமாக இறங்கும் நேரம். அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். விலகிப் போயிருக்கலாம், போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

"எப்படி இருக்கார்?" என்றேன்.

"இருக்கார். எங்க ஊர் ஸ்டேஷன் பக்கம் செடி விக்கிறார். தூரம் சரியாத் தெரியலை. டீயை கிளாஸுக்கு வெளியே ஊத்துறார். பையன் சிரிச்சா அவரும் சிரிக்கிறார்."

"நான் ஒரு நாள் வந்து பார்க்கட்டுமா?"

"வேண்டாம் தீதி." கோபமாகச் சொல்லவில்லை. "உங்க மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. இப்ப இல்லை. அன்னைக்கு நீங்க விட்டிருந்தா ரெண்டும் போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. தினமும் நெனச்சுக்கிறேன். ஆனா நீங்க உள்ளே போய் உண்மையைச் சொன்னதுக்கு எங்க வீட்டுல அடுப்பு அணைஞ்சுது. அதையும் தினமும் நெனச்சுக்கிறேன். ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்க எனக்கு முடியலை."

எனக்கும் முடியவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

அறிவிப்பு வந்தது. கூட்டம் அவளைத் தள்ளியது. இரண்டடி போனவள் திரும்பிக் கேட்டாள்.

"அவர் இடத்துல இப்ப யாரு?"

"தபன்னு ஒருத்தர்."

"கண்ணுக்குப் போட்டுக்கக் கண்ணாடி கொடுத்திருக்கீங்களா?"

"கொடுத்திருக்கேன்."

"போட்டுக்கிறாரா?"

ஆம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. கொடுத்தது தெரியும், அவர் வாங்கிக்கொண்டதும் தெரியும். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கூட்டத்தோடு படியேறிப் போய்விட்டாள்.

நான் ஆபீஸுக்குப் போகாமல் நேரே புல்வெளிக்குப் போனேன். தபன் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"கண்ணாடி எதுக்கு இருக்கு?"

"வேர்த்து மங்கிடுது தீதி. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இது வெறும் வேப்பெண்ணெய்தானே, இயற்கை."

நான் திட்டவில்லை. தெளிப்பானை இறக்கிவைக்கச் சொன்னேன். கண்ணாடியை வாங்கி, என் முந்தானையால் துடைத்து, கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. மறுபடி வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். ஆபீஸிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. செம்பருத்தி வரிசை முடியும்வரை வெயிலில் அவர் பக்கத்திலேயே நின்றேன். மறுநாளும் போய் நின்றேன்.